வென்ற களமும் வெல்லாத போரும்: ஆர்க்காட்டுச் சீமை, 1767–1792

1767 செப்டம்பர் 3 அன்று செங்கம் கணவாயில் மைசூரை ஆண்ட ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து நடத்திய தாக்குதலைக் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கும்பினிப் படை முறியடித்தது. அதே மாதம் 26-ஆம் தேதி திருவண்ணாமலை அருகே நடந்த சமரிலும் ஸ்மித்தே வென்றார். ஆண்டு முடிவதற்குள் ஆம்பூர்க் கோட்டையை ஐதரின் முற்றுகையிலிருந்து மீட்டார். மறு ஆண்டு கிருஷ்ணகிரியும் ஓசூரும் கும்பினியின் கைக்கு வந்தன. இவ்வளவுக்கும் பிறகு 1769 மார்ச் இறுதியில் ஐதர் அலி பரங்கிமலையில் வந்து நின்றார். கோட்டைக்குள் இருந்த சென்னை ஆளுநரின் சபை, அவர் கேட்டபடி உடன்படிக்கை எழுதிக் கொடுத்தது. முதலாம் மைசூர்ப் போர் இப்படித்தான் முடிந்தது. ஸ்மித் ஐதரிடம் ஒரு களத்திலும் தோற்கவில்லை என்பது அந்தப் போரைப் பற்றிய மிக விசித்திரமான உண்மை.

சமர் ஒரு நாளில், ஓரிடத்தில் நடப்பது. பொழுது சாயும்போது களம் யார் கையில் இருக்கிறது, பீரங்கிகள் எத்தனை பிடிபட்டன, எத்தனை பேர் மாண்டார்கள் என்று பார்த்தால் வென்றவர் யாரென்று பெரும்பாலும் தெரிந்துவிடும். போரின் கணக்கு வேறு. எதிரி எதற்காகப் படையெடுத்தானோ அதை அவன் கைவிட வேண்டும். கைவிடாவிட்டால் எத்தனை களம் வென்றாலும் போர் முடிந்ததாகாது. இராணுவக் கல்லூரிகளில் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணங்கள் இரண்டு. பொது ஆண்டுக்கு முன் 279-இல் ரோமானியரை வென்றும் தன் படையின் நல்ல பகுதியை இழந்துவிட்ட பிர்ரஸ் ஒருவர். 216-இல் கன்னே என்ற இடத்தில் ஒரு முழு ரோமானியச் சேனையை அழித்தும், கடைசியில் போரைத் தோற்ற ஹன்னிபால் மற்றவர். செங்கத்துக்கும் சீரங்கப்பட்டணத்துக்கும் இடையே கால் நூற்றாண்டு நடந்த மைசூர்ப் போர்கள் இவற்றுக்கு எந்த வகையிலும் குறைந்த பாடம் அல்ல. ஒருவகையில் அவை மேலானவை என்றே சொல்லலாம். இரு தரப்பும் மாறி மாறி அதே பிழையைச் செய்தன. அதிலிருந்து கற்றுக்கொண்டவர் யார் என்பதும் ஆவணங்களில் தெளிவாக இருக்கிறது.

கும்பினிக்கு இந்த வேறுபாடு அதுவரை உறைக்காததற்குக் காரணம் அதன் முந்தைய வெற்றிகள். 1757-இல் பிளாசியில் ஒரு பகல் சண்டை வங்காளத்தைக் கொடுத்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் ஐர் கூட் பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்றார். ஓராண்டில் புதுச்சேரி சரணடைந்தது. 1764-இல் பக்சாரில் ஹெக்டர் மன்றோ வென்றதும் அவத் நவாபும் முகலாயப் பேரரசரும் பணிந்தார்கள். மூன்று இடங்களிலும் களத்துக்கு வெளியே வேறு சில சங்கதிகள் இருந்தன. பிளாசியில் நவாபின் தளபதியும் வட்டிக்கடைக்காரர்களும் முன்கூட்டியே விலைபோயிருந்தனர். வந்தவாசியில் லாலியின் வீரர்கள் சம்பளம் வராமல் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே கலகம் செய்திருந்தார்கள். புதுச்சேரிக்குக் கடல்வழியும் அடைபட்டிருந்தது. இதையெல்லாம் மறந்துவிட்டு, சதுரமாக அணிவகுத்து முன்னேறிச் சுட்டால் நாடு கைக்கு வரும் என்ற நம்பிக்கை மட்டும் சென்னையில் தங்கிவிட்டது.

ஐதர் அலியின் படை இந்தக் கணக்குக்குள் அடங்குவதாக இல்லை. அவர் பணத்துக்கு யாரையும் நம்பி இருக்கவில்லை. அவருடைய தளபதிகளை விலைக்கு வாங்கவும் வழியில்லை. பீரங்கியும் பயிற்சி பெற்ற காலாட்படையும் அவரிடம் இருந்தாலும், அவரது உண்மையான பலம் வேகமாக நகரும் பெருங்குதிரைப் படையும் அதைப் பின்தொடரும் மாடுகளும்தான். மைசூர் அரண்மனையில் சிக்கதேவராய உடையார் காலத்திலிருந்தே வளர்க்கப்பட்டு வந்த மாட்டு மந்தைகளை ஐதர் பீரங்கி இழுக்கப் பழக்கினார். பின்னாளில் அவர் மகன் திப்பு அந்தத் துறைக்கு அம்ருத் மகால் என்று பெயரிட்டார். உயரமும் வேகமும் கொண்ட அந்த மாடுகளை வைத்துக்கொண்டு ஐதர் 1781-இல் இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து சிதம்பரத்தைக் காக்க வந்தார் என்று மைசூர் விவரச்சுவடிகள் பதிவு செய்துள்ளன. தொல்காப்பியத்தின் புறத்திணையியல் போரை ஆநிரை கவரும் வெட்சியிலிருந்து தொடங்குகிறது. அது ஏதோ பழங்கால வழக்கம் என்று நினைப்பவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் சென்னைக் கடிதங்களைப் படிக்க வேண்டும். மாடு கிடைக்கவில்லை, மாடு செத்தது, மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதே அவற்றில் தீராத புலம்பல்.

ஸ்மித்தின் நிலைமையைச் செங்கத்திலேயே பார்க்கலாம். களம் அவர் வசம் இருந்தது. ஆனால் சமர் நடந்துகொண்டிருந்தபோதே மைசூர்க் குதிரைப் படை பின்னால் வந்த அரிசி மூட்டைகளில் கைவைத்துவிட்டது. வென்ற படை இரவோடு இரவாகத் திருவண்ணாமலைக்கு நடந்தது. அங்கே ஆர்க்காட்டு நவாப் முகமது அலி சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்ன தானியமும் இல்லை. ஓடும் எதிரியைத் துரத்தக் குதிரை இல்லை, நின்ற இடத்தில் தின்ன அரிசியும் இல்லை. இதற்கிடையே பதினேழு வயதுத் திப்பு ஒரு குதிரைப் படையோடு சென்னையின் புறநகர்த் தோட்ட வீடுகள் வரை வந்து சூறையாடினார். திருவண்ணாமலைச் சமரின் செய்தி கிடைத்த பிறகே அவர் திரும்பினார்.

1768-இல் ஒரு சந்தர்ப்பம் வந்தது. பிப்ரவரியில் நிஜாம் தனியே சமாதானம் செய்துகொண்டு விலகிவிட்டார். ஸ்மித் கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் சீமையைக் கைப்பற்றி மேட்டு நிலத்தில் ஏறிவிட்டார். ஐதர் பாராமகாலை விட்டுத்தருவதாகவும் பத்து லட்சம் ரூபாய் கொடுப்பதாகவும் சொல்லி அனுப்பினார். போரின் கணக்குப்படி அதுதான் வெற்றி, ஏற்றுக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும். சென்னைச் சபை இன்னும் அதிகம் கேட்டது. களத்தில் இருப்பவருக்கு ஆணையிடச் சபை உறுப்பினர்கள் இருவரையும் நவாபையும் பாசறைக்கே அனுப்பியது. படைக்கு உணவு தரும் பொறுப்பு நவாபுடையது. அந்த உணவு வருவதே இல்லை. பெங்களூரை முற்றுகையிட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். முற்றுகைக்கு வேண்டிய எதுவும் வந்துசேரவில்லை. கடைசியில் ஸ்மித்தைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டு, படையைக் கர்னல் வுட் என்பவரிடம் கொடுத்தார்கள். வுட் நவம்பரில் ஓசூருக்கு அருகே பாகலூரில் பெரிய பீரங்கிகளையும் தளவாடங்களையும் இழந்தார்; பின்னர் இராணுவ விசாரணைக்கும் உள்ளானார்.

அடுத்த சில வாரங்களில் ஐதர் கீழிறங்கித் தருமபுரி, சேலம், ஈரோடு, கோயம்புத்தூர் என்று கும்பினி சிறு சிறு காவற்படைகளை வைத்திருந்த ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். ஓராண்டு உழைத்துப் பிடித்த நிலம் இரண்டு மாதத்துக்குள் போய்விட்டது. ஊர்களைப் பிடிப்பது வேறு, அவற்றைத் தாங்கி நிற்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அந்தப் போரில் இல்லை. பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற ஓட்டம். காலாட்படையையும் பீரங்கிகளையும் ஆத்தூர்க் கணவாய் வழியாகத் திருப்பி அனுப்பிவிட்டு, ஆறாயிரம் குதிரைவீரர்களோடு மூன்றரை நாளில் 130 மைல் கடந்து ஐதர் பரங்கிமலைக்கு வந்தார். மறுபடியும் தலைமை ஏற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்த ஸ்மித்தை நின்ற இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்பதே அவருடைய முதல் நிபந்தனை. சபை நிறுத்தியது. ஏப்ரல் தொடக்கத்தில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி இரு தரப்பும் பிடித்த இடங்களைத் திருப்பித் தந்தன. கரூர் மட்டும் மைசூருக்குப் போனது. யாராவது தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்றும் எழுதப்பட்டது. ஐதர் ஆர்க்காட்டுச் சீமைக்குள் பாய்ந்த முந்தைய செய்தி லண்டன் சேர்ந்த மே மாதத்தில் கும்பினியின் பங்கு விலை சரிந்தது. பங்கு வாங்கியவர்கள் செங்கத்து வெற்றியைக் கணக்கில் எடுக்கவில்லை. வரி வரவேண்டிய நாடு யார் கையில் இருக்கிறது என்பதே அவர்களுக்குக் கவலை. அந்த அளவில் அவர்கள் சென்னைச் சபையைவிடத் தெளிவாக இருந்தார்கள்.

உதவி ஒப்பந்தம் ஏட்டோடு நின்றது. 1770-இல் மராத்தியர் மைசூர்மீது பாய்ந்தபோது கும்பினி அசையவில்லை. ஐதர் அதை மறக்கவும் இல்லை. 1779-இல் அவருடைய எச்சரிக்கையை மீறிக் கும்பினி பிரெஞ்சுக்காரரின் மாஹித் துறைமுகத்தைப் பிடித்ததும் போர் உறுதியாயிற்று. 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியாக இறங்கிய அவரது படை எண்பதாயிரத்துக்கு மேல் என்று ஆங்கிலேயர் கணக்கிட்டார்கள். இந்த முறை அவர் ஊர்களைப் பிடிப்பதோடு நிற்கவில்லை. சென்னையையும் வேலூரையும் சுற்றிப் பல மைல் அகலத்துக்குக் கிராமங்களைக் கொளுத்தினார், ஏரிக்கரைகளை உடைத்தார், மாடுகளை ஓட்டிச் சென்றார். எட்மண்ட் பர்க் 1785-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசியபோது விரிவாக வருணித்தது இந்த அழிவைத்தான். மேடைப் பேச்சின் அலங்காரங்களைக் கழித்துப் பார்த்தாலும் செயலின் நோக்கம் புலப்படும்: எதிரி எத்தனை சமர் வென்றாலும் மறுநாள் உண்ண ஒன்றும் கிடைக்கக் கூடாது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் இரு படையிலும் சேராத குடியானவர்களும் நெசவாளர்களும்.

அந்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில் நடந்த சமர் கும்பினி அதுவரை இந்தியாவில் கண்ட மிகப் பெரிய தோல்வி. குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் படை கொற்றலையாற்று வெள்ளத்தில் தடைப்பட்டுத் தாமதமானது. பக்சார் வீரர் ஹெக்டர் மன்றோ சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்தார். அங்கே சேர்த்து வைத்திருந்த தானியத்தை விட்டுவிட்டு நகர அவருக்கு மனமில்லை. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. படை முற்றிலும் அழிந்தது. பெய்லி சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டணத்தில் இறந்தார். மன்றோ பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓடினார். சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு இந்த வெற்றியை ஓவியமாக எழுதி வைத்தார். (புள்ளலூருக்கு இது புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே தன் எதிரிகளை அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. அதே காலத்துப் பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்ததாகச் சாளுக்கிய மன்னன் புலிகேசியின் ஐகோளே கல்வெட்டு கூறுகிறது. வென்றவர் யாரென்று எழுதுவது அப்போதும் எழுதுபவரைப் பொறுத்ததே.)

இங்கே ஐதரின் பிழையும் தொடங்குகிறது. மன்றோவின் படை குலைந்து பின்வாங்கிய அந்த இரண்டு நாளில் அதைத் துரத்தியிருந்தால் சென்னைக் கோட்டைக்கு வெளியே கும்பினிக்குப் படையே இருந்திருக்காது. ஐதர் திரும்பிப் போய் ஆர்க்காட்டு முற்றுகையைத் தொடர்ந்தார். நவம்பர் தொடக்கத்தில் ஆர்க்காடு விழுந்தது. அதே வாரம் ஐர் கூட் வங்காளத்திலிருந்து 15 லட்சம் ரூபாயோடும் புதுப் படையோடும் கப்பலில் சென்னை வந்து இறங்கினார். புள்ளலூர் ஒரு சேனையை அழித்தது. கடல் இன்னொரு சேனையைக் கொண்டுவந்து இறக்கியது.

கூட் 1781-இல் செய்தது இராணுவப் பாடநூல்கள் பாராட்டும் படைநடத்தல். ஆனால் அதற்கு முன்பே அவர் போரை இழந்திருக்கக் கூடும். பிப்ரவரியில் அவர் கடலூரில் இருந்தார். கரையில் ஐதர் வழியை அடைத்திருந்தார். கடலில் தோர்வ் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படை நின்றது. கையிருப்பு அரிசி சில நாளுக்கே வரும். கூட் சண்டைக்கு அழைத்தார், ஐதர் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. கப்பல்கள் இன்னும் கொஞ்ச நாள் நின்றிருந்தால் தென்னிந்தியாவில் கும்பினியின் ஒரே களப்படை பட்டினியால் ஆயுதம் போட்டிருக்கும். ஐதர் எவ்வளவோ வேண்டிக் கேட்டும் தோர்வ் பிப்ரவரி நடுவில் பாய் விரித்து மொரீஷியஸ் தீவுக்குப் போய்விட்டார். ஒரு குண்டும் சுடப்படாத அந்த நாள் எந்தச் சமர்ப் பட்டியலிலும் கிடையாது. இரண்டாம் மைசூர்ப் போரில் அதைவிட முக்கியமான நாளும் கிடையாது.

அதன் பின் கூட் மூன்று முறை வென்றார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டை: எட்டாயிரத்துச் சொச்சம் பேரோடு பல மடங்கு பெரிய படையை மணல்மேடுகளுக்கிடையே முறியடித்தார், கடலோரம் நின்ற கும்பினிக் கப்பலின் பீரங்கியும் துணை செய்தது. ஆகஸ்ட் 27 அன்று புள்ளலூர், பெய்லி அழிந்த அதே இடம்: வெற்றி என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவே. செப்டம்பர் 27 அன்று சோளிங்கர்: ஐதர் எதிர்பாராத நேரத்தில் தாக்கிப் பெரும் சேதம் விளைவித்தார். மூன்று வெற்றிக்கும் பின்கதை ஒன்றுதான். எதிரி பீரங்கிகளோடு தப்பிப் போகிறான், துரத்த மாடும் குதிரையும் இல்லை. சிப்பாய்கள் முதுகில் சுமந்துவந்த அரிசி தீர்ந்து படை கடற்கரைக்கோ கிடங்குள்ள ஊருக்கோ திரும்புகிறது. இரண்டாம் புள்ளலூருக்குப் பிறகு திருப்பாச்சூர். சோளிங்கருக்குப் பிறகு சித்தூர்ப் பக்கத்துப் பாளையங்களில் நெல் தேடி அலைச்சல். பொறுப்பை விட்டு விலகுவதாகக் கூட்டே ஒருமுறை சொன்னார். முற்றுகையில் கிடந்த வேலூர்க் கோட்டைக்கு அரிசி கொண்டுபோவதே அவருடைய பெரும் வேலையாயிற்று. 1782 ஜனவரியில் அந்தப் பயணத்தில் அவருக்குப் பக்கவாதம் கண்டது. பல்லக்கில் கிடந்தபடி வேலூருக்கு மூட்டைகளைச் சேர்த்தார். களத்தில் வீழ்த்த முடியாத தளபதி ஒரு தானிய வண்டிக் காவலராக முடிந்ததில்தான் ஐதரின் உத்தி பலித்தது.

பலித்தது என்றாலும் அதுவும் வெற்றி ஆகவில்லை. ஐதருக்கே அது தெரிந்திருந்தது. தரையில் ஆங்கிலேயரின் வளங்களைத் தன்னால் அழிக்க முடியும், ஆனால் கடலை வற்றடிக்க முடியாது. பெய்லியைப் போல இன்னும் பலரை வென்றாலும் பயனில்லை என்று அவர் அமைச்சர் பூர்ணய்யாவிடம் மனம்விட்டுச் சொன்னதாக வரலாற்றாசிரியர் மார்க் வில்க்ஸ் எழுதுகிறார். பூர்ணய்யாவை நேரில் அறிந்தவர் வில்க்ஸ். சொற்கள் அப்படியே இல்லாவிட்டாலும் கருத்து ஐதருடையதாகவே இருக்க வேண்டும். 1782 பிப்ரவரியில் திப்பு கொள்ளிடக்கரையில் அன்னகுடியில் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையைச் சிறைப்பிடித்தார். மற்றொரு முழு வெற்றி. போரின் போக்கு மாறவில்லை. அந்த டிசம்பரில் சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஐதர் இறந்தார். நான்கு மாதம் கழித்துக் கூட்டும் சென்னையில் இறந்தார்.

சென்னையில் அந்த ஆண்டு பஞ்சம். எரிந்த கிராமங்களிலிருந்து வந்த மக்கள் நகரை நிறைத்தார்கள். அக்டோபர்ப் புயலில் துறைமுகத்துக்கு முன்னால் நின்ற அரிசிக் கப்பல்கள் உடைந்து மூழ்கின. பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் அப்போது தோன்றியது. வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனைக்கு நெடுநாள் வழங்கிவந்த கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்ற பெயர் அதிலிருந்து வந்தது. சோளிங்கர் வெற்றியின் நினைவைவிட அந்தப் பெயர் நீண்டகாலம் மக்கள் வாயில் இருந்திருக்கிறது.

1783 இறுதியில் தெற்கே கர்னல் புல்லர்ட்டன் பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் பிடித்து, தானியமும் உளவும் ஒழுங்குசெய்து சீரங்கப்பட்டணத்துக்குப் புறப்படும் நிலையில் இருந்தார். அப்போது, பிடித்ததை விட்டுத் திரும்பு என்ற ஆணை வந்தது. சென்னைத் தூதர்கள் மங்களூரில் திப்புவின் பாசறைக்குச் சென்று 1784 மார்ச் 11 அன்று கையெழுத்திட்டார்கள். எல்லை போர் தொடங்கிய நாளில் இருந்தபடியே இருந்தது. நாலாண்டுச் சண்டையில் இரு தரப்பும் வென்ற சமர்களைக் கூட்டினால் பத்தைத் தாண்டும். நிலவரைபடத்தில் ஓர் ஊரும் நகரவில்லை.

கூட் பரங்கிப்பேட்டையில் வென்ற அதே 1781-இல் பூமியின் மறுபக்கத்தில் இன்னொரு பிரிட்டிஷ் தளபதி இதே பாடத்தைக் கசப்பாகக் கற்றுக்கொண்டிருந்தார். மார்ச்சில் வட கரோலினாவின் கில்ஃபர்டில் கார்ன்வாலிஸ் வென்றார். படையில் கால்வாசியை இழந்தார். உணவு தேடிக் கடற்கரைக்கு நகர்ந்து, அக்டோபரில் யார்க்டவுனில் பிரெஞ்சுக் கப்பற்படை கடலை அடைக்கச் சரணடைந்தார். கடலூரில் கூட் தப்பிய முடிச்சும் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சிக்கிய முடிச்சும் ஒன்றே. தோர்வ் போய்விட்டார், அமெரிக்கக் கரையில் நின்ற பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி கிராஸ் போகவில்லை. ஐந்தாண்டு கழித்து கார்ன்வாலிஸ் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தார்.

மூன்றாம் மைசூர்ப் போரின் முதல் ஆண்டான 1790 பழைய கதைதான். ஜெனரல் மெடோஸ் திருச்சியிலிருந்து கிளம்பிக் கரூர், கோயம்புத்தூர், திண்டுக்கல், பாலக்காடு எல்லாம் பிடித்தார். செப்டம்பரில் திப்பு கஜலட்டிக் கணவாய் வழியாகச் சத்தியமங்கலத்தில் இறங்கி, கிடங்குகளைக் குலைத்துவிட்டு, மெடோஸைப் பின்னால் ஓடவிட்டுத் திருச்சி, திருவண்ணாமலை, புதுச்சேரி வரை உலாப் போனார். கார்ன்வாலிஸ் தானே தலைமை ஏற்று, ஆம்பூர்ப் பக்கம் போவதுபோலக் காட்டி வேறு கணவாயில் ஏறி, 1791 மார்ச் 21 அன்று பெங்களூரைப் பிடித்தார். மே 15 அன்று சீரங்கப்பட்டணத்துக்கு வெளியே அரகெரேயில் திப்புவைத் தோற்கடித்தார். தலைநகரம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் பீரங்கி இழுக்கும் மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்துவிட்டிருந்தன, அரிசி தீர்ந்தது. பத்து நாள் கழித்து அவர் தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டு மழையில் பின்வாங்கினார். திரும்பும் வழியில்தான், உதவிக்கு வருவதாகச் சொன்ன மராத்தியப் படை எதிர்ப்பட்டது. அவர்களுடைய பாசறைக் கடைத்தெருவில் தானியம் குவிந்திருந்தது. விலை மட்டும் நெருப்பு விலை.

அரகெரே கில்ஃபர்டின் மறுபதிப்பு ஆகாமல் போனதற்குக் காரணம், அடுத்த எட்டு மாதம் கார்ன்வாலிஸ் பெரும் சமர் எதையும் தேடவில்லை என்பதே. பெங்களூரைச் சுற்றி வழிகளை மறித்த நந்திதுர்க்கம், சாவனதுர்க்கம் போன்ற மலைக்கோட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். மராத்தியரையும் நிஜாமையும் பொறுமையாக அணைத்துப் பிடித்தார். யாருடைய பக்கமும் சேராமல் பொதிமாடுகளில் தானியம் கொண்டுபோய்ப் பாசறைகளில் விற்கும் லம்பாடிகளைத் தன் பக்கம் இழுத்தார். அவர்களுடைய சரக்குக்கு விலையும் பாதுகாப்பும் உறுதியளித்தார். மைசூர்க் குதிரைப் படை நாட்டை எரித்தாலும் வெகு தூரத்திலிருந்து லம்பாடி மாடுகளில் அரிசி வந்துகொண்டே இருந்தது. ஐதரின் உத்தியை உடைத்த ஆயுதம் அதுதான். 1792 பிப்ரவரி 6 இரவு சீரங்கப்பட்டணத்தின் வெளியரண்கள் விழுந்தன. மார்ச்சில் திப்பு தன் நாட்டில் பாதியையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்பினார். இரு மகன்களைப் பிணையாக அனுப்பினார். பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் மலபாரும் கும்பினிக்கு வந்தன. 1768-இல் ஐதர் கொடுப்பதாகச் சொன்ன பாராமகாலை அடைய இருபத்துநான்கு ஆண்டு ஆயிற்று.

இந்தப் போர்கள் வகுப்பறையில் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே கற்பிக்கப்படுகின்றன: ஆண்டு, இடம், வென்றவர், உடன்படிக்கை. பட்டியலில் பரங்கிப்பேட்டைக்கும் மங்களூர் உடன்படிக்கைக்கும் இடையே காரணம் எதுவும் தெரியாது. வென்றவர் ஏன் விட்டுக்கொடுத்தார் என்று ஒரு மாணவர் கேட்டால் பட்டியலிடம் பதில் கிடையாது. படைப்பிரிவுகளின் பெருமைச் சின்னங்களும் உதவுவதில்லை. சென்னைப் படைப்பிரிவுகள் ஆம்பூர், சோளிங்கர் என்ற பெயர்களைக் கொடியில் தாங்கின. கடலூரில் பசியோடு காத்திருந்ததற்குப் பட்டம் ஏதும் இல்லை. நல்ல ஆசிரியர் இங்கே வரைபடத்தை விரித்து வேறு கேள்விகளைக் கேட்பார். அன்று மாலை வென்ற படையிடம் எத்தனை நாள் அரிசி இருந்தது? அது எங்கிருந்து, எந்தக் கணவாய் வழியாக, எதன் முதுகில் வர வேண்டும்? எதிரி அன்று இழந்ததை எவ்வளவு காலத்தில் ஈடுசெய்வான்? சண்டையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அவர் எதைக் கண்டு அஞ்சினார்? செங்கத்துக்கு இந்தக் கேள்விகளைக் கேட்டால் 1769 புரியும். சோளிங்கருக்குக் கேட்டால் 1784 புரியும். புள்ளலூருக்கும் கேட்க வேண்டும். மைசூர்ப் பக்கம் நின்று பார்க்கும் மாணவர்கள் அந்த ஒரு வெற்றியில் மயங்குவதும், ஆங்கிலப் பக்கம் நின்றவர்கள் கூட்டின் மூன்று வெற்றிகளில் மயங்குவதும் ஒரே வகைப் பிழை.

களத்திலேயே கற்றுக்கொண்ட மாணவர்களும் உண்டு. 1780 ஜனவரியில் சென்னைக்கு வந்த இளம் அதிகாரி தாமஸ் மன்றோ, ஹெக்டர் மன்றோவின் பின்வாங்கலையும் கூட்டின் சமர்களையும் உடனிருந்து பார்த்தவர். சொந்த மாடும் குதிரையும் இல்லாத படை வென்றும் பயனில்லை என்பது அவருடைய கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. 1792 உடன்படிக்கை திப்புவுக்கு அளவுக்கு மீறி இரக்கம் காட்டியதென்றும் அவர் எண்ணினார். அவர் நினைத்ததில் நியாயம் உண்டு, ஏழாண்டில் மீண்டும் போர் வந்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் அவரும் மற்றொரு கும்பினி அதிகாரியான அலெக்சாண்டர் ரீடும் பாராமகாலில் ஊர் ஊராக நிலம் அளந்து, குடியானவரிடம் நேரடியாகத் தீர்வை விதிக்கும் முறையை உருவாக்கினார்கள். ரயத்துவாரி முறை அங்கிருந்து பரவியது. கிருஷ்ணகிரிக் கோட்டையை ஸ்மித் ஒருமுறை பிடித்தார், விட்டார். ரீடின் கணக்குப் புத்தகம் பிடித்த பிறகு அந்தச் சீமை கும்பினியை விட்டுப் போகவில்லை.

1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டதும், அம்ருத் மகால் மந்தைகளும் கும்பினி வசமாயின. அந்த நகரின் பொறுப்பை ஏற்ற ஆர்தர் வெல்லெஸ்லி அடுத்த நான்கு ஆண்டு மாடு, அரிசி, வழி, ஆற்றுத்துறை என்றே கடிதம் எழுதிக் குவித்தார். 1803-இல் மராத்தியர்மீது அவர் நடத்திய விரைவான படையெடுப்பு அந்த ஏற்பாடுகளின்மேல் நின்றது. பின்னாளில் ஸ்பெயினில் நெப்போலியனின் தளபதிகளை எதிர்த்தபோது தன்னிடம் அந்த மைசூர் மாடுகள் இல்லாததற்கு அவர் வருந்தியதாகச் சொல்வதுண்டு. வெலிங்டன் பிரபுவான அவருடைய பெயரைத் தாங்கும் நீலகிரி ஊரில்தான் இன்று இந்திய முப்படை அதிகாரிகளுக்கான பணியாளர் கல்லூரி நடக்கிறது.